மூக்கைக் கழுவலாம், தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகு

மழை தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி மூக்கடைப்பைப் பற்றித்தான். வயது, எத்தனை நாளாகத் தொந்தரவு, என்ன மருந்து எடுக்கிறீர்கள் எதுவுமே எழுதாமல் ‘மூக்கு அடைக்குது சார், என்ன பண்றது?’ என்று மட்டும் கேட்டவர்களுக்கு இந்த முறையும் பதில் கிடையாது.

உப்புநீர் விட்டுக் கழுவினால் ஜலதோஷம் சீக்கிரம் போய்விடுமா?

கெட்டிச் சளி இளகி வெளியே வரும், சில மணி நேரம் மூச்சு விட முடியும், தொண்டைக்குப் பின்னால் ஒழுகுவது குறையும். இந்த நிம்மதிக்காகத்தான் கழுவுகிறோம். நாள் கணக்கிலும் கொஞ்சம் லாபம் உண்டு. எடின்பரோவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், அடர்த்தியான உப்புநீரால் மூக்கைக் கழுவி, வாயும் கொப்பளித்தவர்களுக்கு ஜலதோஷம் சுமார் 2 நாள் முன்னதாக விட்டது. 2024-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு பெரியது, கிட்டத்தட்ட 14,000 பேர். தொந்தரவு தொடங்கியதுமே உப்புநீர் ஸ்பிரே அடித்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோயோடு கழிந்த நாள்கள் சராசரியாக 8-இலிருந்து ஆறரைக்குக் குறைந்தன. இதைப் படித்துவிட்டு ‘கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று’ என்று வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். நுரையீரலுக்குப் போய்விட்ட நோயை மூக்கில் விடும் தண்ணீர் தொடாது.

உப்பு எவ்வளவு? கல் உப்பு போடலாமா?

கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பு. எரிச்சல் இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா. நாக்கில் வைத்தால் கண்ணீர் அளவுக்குக் கரித்தால் சரி. கல் உப்பில் மண்ணும் தூசும் இருக்கும், வேண்டாம். அளக்கச் சோம்பலாக இருந்தால் மருந்துக்கடையில் இதற்கென்றே பாக்கெட் இருக்கிறது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கலக்குங்கள்.

தினமும் கீசர் வெந்நீரில் ஜலநேதி (குவளையால் மூக்கில் தண்ணீர் விட்டுக் கழுவும் யோகப் பயிற்சி) செய்கிறேன். ஆர்.ஓ. தண்ணீர் இன்னும் நல்லதா? யோகா வகுப்பில் குழாய்த் தண்ணீரே போதும் என்றார்கள்.

கீசர் தண்ணீர் சூடான தண்ணீர். கொதித்த தண்ணீர் அல்ல. இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த மழைக்கு அதே கேள்வி வந்து நிற்கிறது!

நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. 40 டிகிரியைத் தாண்டியும் அதற்குச் சுகம்தான். குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கின் உச்சிக்கு ஏறினால் மணம் அறியும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போகும், அதன் பிறகு பிழைப்பவர்கள் மிகச் சிலர். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை நேதிக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவிய 2 பேர் இப்படித்தான் இறந்தார்கள். கேரளத்தில் 2024, 2025-இல் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றி வந்த செய்திகள் உங்களுக்கு நினைவிருக்கும். அபூர்வமான நோய்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுப்பைப் பற்ற வைத்தால் தீர்ந்துவிடும் ஆபத்துக்கு ‘அபூர்வம்’ என்று சமாதானம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

மொட்டைமாடித் தொட்டியை வருடக் கணக்கில் கழுவாதவர்தான் ‘எங்கள் வீட்டுத் தண்ணீர் சுத்தம் டாக்டர்’ என்று அடித்துச் சொல்கிறார். ஆர்.ஓ., கேன் தண்ணீர் இரண்டும் குடிப்பதற்கு. ஃபில்டர் எப்போது மாற்றியது, கேன் எங்கே நிரப்பியது என்று உங்களுக்கே தெரியாது. தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம், ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் 3 நிமிடம். மூடி வைத்து ஆறவிடுங்கள், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். குவளையை அலசுவதும் அதே தண்ணீரில். அடுப்பு மூட்ட முடியாதவர்கள் மருந்துக்கடையில் நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) பாட்டில் வாங்கலாம், திறந்தால் ஒரு நாள்தான். அந்த யோகா ஆசிரியருக்கும் இதைக் காட்டுங்கள்.

ஆறு மாதக் குழந்தைக்கு மூக்கடைப்பு. குளிப்பாட்டும் பாட்டி மூக்கில் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார்.

விடக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா வரும். வாயால் மூக்கில் ஊதுவதும் வேண்டாம். மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு, பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு. குவளை, சிரிஞ்ச் எல்லாம் குழந்தை சொன்னபடி குனிந்து, வாயால் மூச்சு விடும் வயது வந்த பிறகு. பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மூன்று வாரமாக மூக்கடைப்புச் சொட்டு மருந்து போடுகிறேன். போடாவிட்டால் தூக்கம் இல்லை.

இப்போது அடைப்பது ஜலதோஷம் இல்லை, அந்த மருந்துதான். சைலோமெட்டசோலின் வகைச் சொட்டுகளுக்கு 5 நாள் எல்லை. அட்டையில் எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. நிறுத்துங்கள், உப்புநீருக்கு மாறுங்கள், முடியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கழுவிய பிறகு காது அடைத்து வலிக்கிறது.

இரண்டு துளையையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தியிருப்பீர்கள். ஒவ்வொரு பக்கமாக, மெதுவாக. பாட்டிலையும் ஓங்கி அழுத்த வேண்டாம். காது சீழ் இருக்கும்போதும், மூக்கு முழுக்க அடைத்திருக்கும்போதும் கழுவாதீர்கள்.

கழுவி ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்தால் தண்ணீர் கொட்டுகிறது.

சைனஸில் தங்கிய தண்ணீர். பயமில்லை. படுக்கப் போகும் நேரத்தில் கழுவாதீர்கள்.

சளி மஞ்சளாகிவிட்டது, அஸித்ரோமைசின் வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகு என்னைக் கேட்பானேன்? நிறத்தை வைத்து ஆன்டிபயாடிக் கிடையாது. 10 நாள் தாண்டினாலோ, குறைந்து மறுபடி ஏறினாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் ஐந்து பேருக்கும் ஜலதோஷம். ஒரே குவளை போதுமா?

போதாது. ஆளுக்கு ஒன்று. தண்ணீரை மட்டும் ஒரே பாத்திரத்தில் கொதிக்க வைக்கலாம்.