வார்டில் கேட்ட ‘ஹேர் ஆஃப்’: முடி இல்லை, முயல்

வணக்கம் சகோதரி. ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில், வார்டின் பொறுப்பு நர்ஸான வார்டு சிஸ்டர் உங்களிடம் ‘டோன்ட் ஹேர் ஆஃப் யெட்’ என்றார், தலைமுடியைப் பற்றி ஏதாவது குறை சொன்னாரா என்று கேட்டிருந்தீர்கள். கவலையே வேண்டாம். ‘இன்னும் முடியவில்லை, அதற்குள் ஓடிவிடாதீர்கள்’ என்பதுதான் அவர் சொன்னது.

தலைமுடியைக் குறிக்கும் ஹேருக்கும் இதற்கும் உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. இது எச்-ஏ-ஆர்-இ, காட்டு முயல். நாம் இரண்டையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே இங்கிலாந்தில் ராபிட் வேறு, ஹேர் வேறு. ராபிட் வளை தோண்டி வாழும், ஆபத்து வந்தால் வளைக்குள் புகுந்துவிடும். இங்கிலாந்து வயல்களில் திரியும் பழுப்பு ஹேருக்கு வளை கிடையாது. உடம்பு பதியும் அளவுக்கு ஒரு பள்ளம், அதில் காதை முதுகோடு ஒட்டவைத்துப் படுத்திருக்கும். நாய் பக்கத்தில் வரும்வரைகூட அசையாமல் இருந்துவிட்டு, கடைசி நொடியில் எழுந்து பாயும். மணிக்கு 70 கிலோமீட்டர் வரை வேகம், நடுநடுவே சட்டென்று திசைமாற்றம். எழுந்துவிட்டால் ஓட்டம்தான் அதற்கு முக்கியப் பாதுகாப்பு. அந்தப் பாய்ச்சல்தான் வினைச்சொல்லாகிவிட்டது.

‘ஆஃப்’ சேர்ந்தால் ‘சட்டென்று கிளம்பிவிட்டான்’ என்று பொருள். சொல்ல வந்ததை முழுசாகக் கேட்காமல் போனான் என்ற லேசான கண்டிப்பும் பெரும்பாலும் அதில் இருக்கும். ‘ஹேரிங் டவுன் த காரிடார்’ என்றால் வெறும் வேகம்தான். ‘ஹேரிங் அரவுண்ட்’ என்றால் நிற்க நேரமில்லாமல் அங்கும் இங்கும் ஓடுவது. எழுதும்போது ஹேரிங்கில் கடைசி இ விழுந்துவிடும், இறந்தகாலம் ஹேர்ட்.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முயல்தானே என்று ஹேருக்குப் பதிலாக ராபிட்டைப் போட்டுவிடாதீர்கள். ‘ராபிட் ஆன்’ என்றால் ஓடுவது இல்லை, ஓயாமல் தொணதொணப்பது. ‘ராபிட் அண்ட் போர்க்’ என்பது ‘டாக்’ (பேச்சு) என்ற சொல்லுக்கு லண்டன்காரர்கள் எதுகையாகப் போட்ட குழூஉக்குறி. அதில் போர்க் விழுந்து ராபிட் மட்டும் நின்றுவிட்டது. நோயாளியைப் பற்றி அப்படிச் சொன்னால் மரியாதைக்குறைவு.

லண்டனிலும் யார்க்‌ஷயரிலும் பலர் ஹகரத்தை விழுங்கிவிடுவார்கள். ‘ஏர் ஆஃப்’ என்றுதான் காதில் விழும். அமெரிக்க சக ஊழியருக்கு இந்தச் சொல் பழக்கமில்லாமல் இருக்கலாம். அவர்கள் ஊரில் ‘ஹைடெயில் இட்’ என்பார்கள், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் விலங்குகளைப் பார்த்து வந்த சொல் அது.

பேச்சில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நர்சிங் நோட்ஸிலும் இன்சிடென்ட் ஃபாரத்திலும் மட்டும் வேண்டாம். நோயாளி வார்டை விட்டு வேகமாகப் போனார் என்றால் ‘லெஃப்ட் த வார்டு’ என்று எழுதி, நேரத்தையும் எந்தக் கதவு வழியாகப் போனார் என்பதையும் குறியுங்கள்.