பாரிஸின் நகலா புவெனஸ் ஐரிஸ்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அலுவலக வேலையாக அர்ஜென்டினா வந்திருக்கிறேன். வேலை முடிந்துவிட்டது. புதன், வியாழன் இரண்டு நாள் கையில் இருக்கிறது. நேற்று ஒரு நடைச் சுற்றுலாவில் சேர்ந்து புவெனஸ் ஐரிஸின் மையப்பகுதியைப் பார்த்தேன். வழிகாட்டி கட்டடத்துக்குக் கட்டடம் "தென்னமெரிக்காவின் பாரிஸ்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பாரிஸையே பார்த்தவன். நகலைப் பார்க்க இத்தனை தூரம் வரணுமா என்று ஆகிவிட்டது. பழமை என்று சொல்லவும் எதுவும் கண்ணில் படவில்லை. நீங்கள் இந்த ஊரைப் பற்றி ஆசையாக எழுதியிருந்தீர்கள். அப்படி நடந்து பார்க்க இங்கே என்னதான் இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த "பாரிஸ்" பேச்சு எனக்கும் பிடிக்காது. ஆனால் நகல் என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த நகலுக்காக எதை வெட்டினார்கள் என்று பாருங்கள், ஊர் பேச ஆரம்பித்துவிடும்.

பிளாசா தே மாயோ சதுக்கத்தின் மேற்குப் பக்கம் வெள்ளையடித்த ஒரு கட்டடம் இருக்கிறதே, கபில்தோ, ஸ்பானியர் காலத்து நகரசபை. 1810 மே மாதம் ஸ்பானிய வைஸ்ராயை இறக்கிவிட்டு உள்ளூர்க்காரர்கள் ஆட்சிக் குழு அமைத்தது இங்கேதான். அதன் முன்பக்க வளைவுகளை எண்ணுங்கள். ஐந்து இருக்கும். முதலில் இருந்தவை பதினொன்று. அவெனிதா தே மாயோ என்ற அகலச் சாலையைப் போடுவதற்காக 1889இல் வடக்குப் பக்கம் மூன்றை இடித்தார்கள். 1931இல் இன்னொரு சாலைக்காகத் தெற்குப் பக்கம் மூன்று போயின. பழமை இல்லை என்கிறீர்கள். இருந்ததை ஊரே வெட்டிக்கொண்டது. தங்கள் சுதந்திரம் பிறந்த வீட்டையே வெட்டிச் சாலை போடத் துணிந்தவர்களின் அவசரம் என்னவாக இருந்திருக்கும்? அதை யோசித்துக்கொண்டே அவெனிதா தே மாயோவில் நாடாளுமன்றம் வரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். வழியில் 1923இல் கட்டிய பரோலோ மாளிகை வரும். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தை மனதில் வைத்து நரகம், கழுவாய், சொர்க்கம் என்று அடுக்கடுக்காக எழுப்பியது. தொர்த்தோனி காபிக்கடையில் வரிசை நீளமாக இருந்தால் நிற்க வேண்டாம்.

சதுக்கத்துக்குத் திரும்பி வந்து, தெற்கே பொருளாதார அமைச்சகக் கட்டடத்தின் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பசேயோ கொலோன் சாலைப் பக்கம் கல்லில் குழிகள் தெரியும். சில விரல் நுழையும் அளவு, சில கையே நுழையும் அளவு. 1955 ஜூன் 16 அன்று, அதிபர் பெரோனைக் கொல்லவென்று சொந்த நாட்டுக் கடற்படை விமானங்களே பட்டப்பகலில் இந்தச் சதுக்கத்தின் மேல் குண்டு போட்டன. பயணிகள் நிறைந்த ஒரு டிராலிபஸ்ஸும் சிக்கியது. 300 பேருக்கு மேல் செத்தார்கள். பெரோன் தப்பிவிட்டார். அந்தக் குழிகளைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அதே பசேயோ கொலோன் சாலையில் தெற்கே நடந்தால், நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் தோண்டிப் போட்ட ஒரு பள்ளம் வரும். சுற்றுலாக் குழுக்கள் பக்கத்து சான் தெல்மோ சந்தைக்குத் திரும்பிவிடும், இங்கே வராது. 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியின் ரகசியச் சிறைகளில் ஒன்று இது. பெயர் கிளப் அத்லெத்திகோ. ஒரு போலீஸ் கட்டடத்தின் அடித்தளம். பிறகு கட்டடத்தை இடித்து மேலே சாலை போட்டுவிட்டார்கள். 2002இல் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் சுவர்கள் வெளியே வந்தன. புதன்கிழமைக்கு இவ்வளவு போதும்.

வியாழக்கிழமை மதியம் மூன்றரைக்குக் கட்டாயம் சதுக்கத்தில் இருங்கள். நடுவே நிற்கும் தூணைச் சுற்றித் தரையில் வெள்ளை முக்காடுகள் வரைந்திருக்கும். 1977 ஏப்ரல் 30 அன்று, ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போய்க் காணாமல் ஆக்கிய பிள்ளைகளைத் தேடிப் பதினான்கு தாய்மார் அங்கே கூடினார்கள். கூட்டம் போடத் தடை. நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். சரி என்று இருவர் இருவராகக் கைகோத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். அந்த நடை இன்றும் வியாழன்தோறும் நடக்கிறது. ஆரம்பத்தில் தலையில் கட்டியது குழந்தைக்குக் கட்டும் துணியை. அந்த அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் இன்று உயிரோடு இல்லை. ஓரமாக நின்று பார்க்காதீர்கள், கூடவே நடங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எஸ்தர் பயெஸ்த்ரினோ, பராகுவேக்காரர். இளவயதில் போப் பிரான்சிஸ் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர். எஸ்தரின் பதினாறு வயது மகளை, கர்ப்பிணி, பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்தது அந்த கிளப் அத்லெத்திகோவில்தான். சில மாதம் கழித்து விட்டுவிட்டார்கள். எஸ்தர் மகளை வெளிநாட்டில் பத்திரமாகச் சேர்த்தார். அதோடு விட்டிருக்கலாம். மற்றவர்களின் பிள்ளைகள் இன்னும் வரவில்லையே என்று சதுக்கத்துக்கே திரும்பி வந்தார். 1977 டிசம்பர் 8 அன்று சாந்தா குருஸ் தேவாலயத்தில் வைத்து அவரையும் வேறு சிலரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து, அந்த இயக்கத்தைத் தொடங்கிய அசுசேனா வில்யாஃப்ளோரையும். காட்டிக்கொடுத்தவன் அஸ்தீஸ் என்ற கடற்படை அதிகாரி. காணாமல்போன ஒருவரின் சகோதரன் என்று சொல்லிக்கொண்டு அம்மாக்களோடு பழகியவன்.

அவர்களை விமானத்திலிருந்து கடலில் எறிந்தார்கள். உடல்கள் கரை ஒதுங்கின, பெயரில்லாமல் புதைக்கப்பட்டன. 2005இல்தான் எலும்புகளை வைத்து அடையாளம் கண்டார்கள். அசுசேனாவின் சாம்பல் சதுக்கத்துத் தூணின் அடியிலேயே இருக்கிறது. எஸ்தர் சாந்தா குருஸ் தேவாலயத் தோட்டத்தில். சதுக்கத்திலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தெருக்கள் கட்டம் கட்டமாக நேராக ஓடுகின்றன, ஒரு கட்டத்துக்கு நூறு என்று கதவு எண் ஏறும். அதனால் வழி தப்பாது.

போகும்போது கீழேயும் பாருங்கள். நடைபாதையில் சில இடங்களில் வண்ணத் துண்டுகள் பதித்த சிமென்ட் பலகைகள் இருக்கும். இங்கே வசித்தார், இங்கே படித்தார் என்று ஒரு பெயர், ஒரு தேதி. அரசாங்கம் வைத்ததல்ல, அந்தந்தப் பேட்டைக்காரர்கள் கூடி வார்த்துப் பதித்தவை. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்று 1984இல் விசாரணைக் குழு பதிவு செய்தது 8,961 பேரை. மனித உரிமை அமைப்புகள் சொல்வது 30,000. கண்ணில் படும் பலகைகளில் ஒரு நிமிடம் நின்று பெயரைப் படியுங்கள்.

லா போகா பேட்டையின் வண்ணத் தகர வீடுகளை விட்டால் நஷ்டமில்லை. ரெகொலேத்தா கல்லறைத் தோட்டத்துக்கு முடிந்தால் வியாழன் காலையிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள், பெரோனின் மனைவி எவிதாவின் சமாதி அங்கேதான். ஆனால் மூன்று மணிக்கெல்லாம் சதுக்கத்துக்கு வந்துவிட வேண்டும். அப்புறம், நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். இங்கே போடுகிறேன்.