கன்சல்டன்சி மூலம் முதல் கான்ட்ராக்ட் வேலை: வளையலை அடகு வைக்கும் முன் இதைப் படியுங்கள்

ராஜபாளையத்தில் இருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) இன்ஜினியரிங் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது, மேடவாக்கத்தில் நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கி வேலை தேடுகிறான், இப்போது இரண்டு கன்சல்டன்சியில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று 6 மாத கான்ட்ராக்ட், சப்போர்ட் வேலை, ஆண்டுக்கு 3 லட்சம். இன்னொன்று 'பெர்மனென்ட்', ஆனால் சேரும் முன் 45,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும், மூன்று மாதத்தில் திருப்பித் தந்துவிடுவார்களாம். கான்ட்ராக்ட் வேலை என்றால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று உங்கள் நாத்தனார் கேட்டுவிட்டார், அதனால் வளையலை வைத்தாவது இரண்டாவதற்குக் கட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வளையலை வைக்காதீர்கள் அம்மா. மற்றதை எல்லாம் மெதுவாகப் பேசலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் என்றால், ஒழுங்கான கன்சல்டன்சிக்குப் பணம் வரும் வழியே வேறு. நிரந்தர வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கம்பெனிதான் அவர்களுக்குக் கட்டணம் கொடுக்கும். நம் ஊரில் வழக்கமாகப் பேசப்படும் கணக்கு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். கான்ட்ராக்ட் வேலையில் கணக்கு வேறு மாதிரி. ஆளைத் தன் பெயரில் வேலைக்கு எடுத்து, கிளையன்ட் கம்பெனிக்கு, அதாவது வேலை நிஜமாக நடக்கிற கம்பெனிக்கு, அனுப்பி, மாதாமாதம் கிளையன்டுக்கு ஒரு தொகை பில் போடுவார்கள். அதில் பையனுக்குச் சம்பளம் போக மிஞ்சுவது அவர்களுடையது. இரண்டிலும் பையன் கையில் இருந்து ஒரு ரூபாய் போக வேண்டிய வேலையே இல்லை. டெபாசிட், ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெயினிங் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம், வெரிஃபிகேஷன் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலை கொடுக்கிற இடம் இல்லை, வேலை தேடுகிறவனிடம் சம்பாதிக்கிற இடம். கட்டின பிறகு போன் எடுக்க மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு தென்காசிப் பெண் 30,000 கட்டிவிட்டு கிண்டி பக்கம் ஒரு மாடி ஆபீஸ் முன்னால் மூன்று நாள் நின்றாள். நான்காவது நாள் போர்டையே கழற்றிவிட்டார்கள். உங்கள் பையன் ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், திட்டாதீர்கள். ஆன்லைனில் அனுப்பிய பணம் என்றால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

சரி, கான்ட்ராக்டுக்கு வருவோம். நாத்தனார் சொன்னது உங்களை எவ்வளவு உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் டைடல் பார்க்கில் தொடங்கி சிறுசேரி வரை ஓ.எம்.ஆர். முழுக்க, கழுத்தில் பெரிய கம்பெனி டேக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற பிள்ளைகளில் பலருக்கு சம்பளச் சீட்டு வேறொரு கம்பெனி பெயரில்தான் வருகிறது. இதைத்தான் தேர்டு பார்ட்டி பேரோல் என்கிறார்கள். கேவலம் ஒன்றும் இல்லை. ஒன்றரை வருடம் சும்மா இருந்த பையனுக்கு இப்போது அவசரமாக வேண்டியது ஒரு நிஜமான கம்பெனியில், நிஜமான பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கோடு, சொல்லிக்கொள்ளக்கூடிய 6 மாதம். அடுத்த இன்டர்வியூவில் அவனிடம் 'படிப்பு முடித்து என்ன செய்தாய்' என்று கேட்க மாட்டார்கள், 'அங்கே என்ன செய்தாய்' என்று கேட்பார்கள். அந்த மாற்றத்தின் மதிப்பு எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேரவும் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சம்பளம் யார் பெயரில் வரும்? பையனைப் போனில் கூப்பிட்டுப் பேசுகிறவர் ஒரு கன்சல்டன்சியில் இருப்பார், அவர் வெண்டர் என்கிற இன்னொரு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு ஆள் தேடிக் கொடுப்பார், அந்த வெண்டர்தான் கிளையன்டோடு ஒப்பந்தம் வைத்திருப்பார். இப்படி இரண்டு மூன்று கை மாறி வரும்போது, நடுவில் இருக்கிற ஒவ்வொருவரும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் பையன் சம்பளம் குறையும் என்பது ஒரு பக்கம். சம்பளம் வராத மாதம் யாரைப் போய்க் கேட்பது என்று தெரியாது என்பதுதான் பெரிய பிரச்சினை. ஆகவே ஆஃபர் லெட்டரில் இருக்கிற கம்பெனியின் முழுப் பெயர், கிளையன்ட் பெயர், நடுவில் வேறு யாராவது இருக்கிறார்களா, இந்த மூன்றையும் மெயிலில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் வரும் பதில் பதிலே கிடையாது.

பெயர் கிடைத்ததும் இரண்டு இடத்தில் தேடலாம், இரண்டும் இலவசம். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறதா, எந்த வருடம், எந்த முகவரி என்று பார்க்கலாம். அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று, பிஎஃப் அலுவலகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் அந்த நிறுவனம் எந்தெந்த மாதம் பிஎஃப் கட்டியது, எத்தனை பேருக்குக் கட்டியது என்று தெரியும். ஐநூறு பேர் எங்களிடம் வேலை பார்க்கிறார்கள் என்று சொல்கிற கம்பெனி பதினோரு பேருக்குத்தான் பணம் கட்டியிருந்தால் அதுவே போதும், நன்றி சொல்லிவிட்டு போனை வைத்துவிடலாம்.

இப்போது சம்பளம். 3 லட்சம் என்றதும் மாதம் 25,000 என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கைக்கு அவ்வளவு வராது அம்மா. அது சிடிசி, அதாவது அவனுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால் அதில் 12 சதவீதம், 1,800 ரூபாய், கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப். அது இந்த 25,000-க்குள்ளேயே இருக்கும். இன்னொரு 1,800 பையன் பங்காகப் பிடிப்பார்கள். மிச்சம் 21,400. அதிலும் காப்பீடு, கிராஜுவிட்டி, தொழில் வரி என்று கொஞ்சம் போகும். 20,000-ஐ ஒட்டி வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரூம் வாடகை, சாப்பாடு, பஸ் போக வீட்டுக்குப் பெரிதாக அனுப்ப முடியாது, முதல் ஆறு மாதம் அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் அந்த 3,600 எங்கேயும் போகவில்லை, பிஎஃபிலும் அதோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்திலுமாக அவன் பெயரில்தான் போகிறது; யுஏஎன் என்கிற 12 இலக்க பிஎஃப் எண் வந்ததும் அரசின் உமங் செயலியில் அவனே பார்க்கலாம்.

சில இடங்களில் பிஎஃப் இல்லாமல், 'கன்சல்டன்ட்' என்று போட்டு, 10 சதவீதம் வரி மட்டும் பிடித்துவிட்டு முழுத் தொகையைக் கையில் தருகிறோம் என்பார்கள். கைக்கு அதிகம் வருவதாகத் தோன்றும். பத்து வருட அனுபவம் இருப்பவர்கள் தெரிந்தே அப்படிப் போவார்கள், அது அவர்கள் கணக்கு. முதல் வேலைக்கு அது வேண்டாம். பிடித்த வரியை வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் அவன் ஊழியராக வேலை பார்த்தான் என்பதற்கு பிஎஃப் பதிவு போல ஒரு சாட்சி பிறகு கிடைக்காது. அடுத்த கம்பெனியில் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும்போது அவர்கள் பார்ப்பது சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், பிஎஃப் வரலாறு, இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்றுதான். இதே காரணத்தால்தான், இரண்டு வருடம் வேலை பார்த்ததாகப் பொய் அனுபவம் போட்டுத் தருகிறோம், சம்பளச் சீட்டும் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகக் கூடாது. மாட்டிக்கொண்டால் அந்த வேலை மட்டும் போகாது, பெயர் கெடும்.

ஒப்பந்தத் தாளில் மூன்று வரிகளைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள், அது இரண்டு தரப்புக்கும் ஒன்றா? நான் பார்த்த ஒரு தாளில் பையன் விலக 60 நாள், கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்ப ஒரு நாள் என்று இருந்தது. கேட்டதும் 30-க்கு 30 என்று மாற்றிக் கொடுத்தார்கள், கேட்காத பத்துப் பேர் அப்படியே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இரண்டாவது, 6 மாதம் முடிந்ததும் என்ன? கிளையன்ட் நேரடியாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு எழுத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா? மூன்றாவது பாண்ட், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. பாண்ட் எல்லாம் கோர்ட்டில் செல்லாது என்று ரூமில் நண்பர்கள் சொல்வார்கள், அதை நம்பக் கூடாது. 2025-ல் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 6 மாத வேலைக்கு பாண்ட் கேட்பதே நியாயம் இல்லை, கேட்டால் மறுக்கலாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் கையெழுத்துப் போட்ட வெற்று செக்கையும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது. காட்டலாம், சரிபார்த்ததும் அங்கேயே திரும்ப வாங்கிவிட வேண்டும்.

இந்தப் பகுதி தம்பிக்கு, அவனிடமே படித்துக் காட்டுங்கள். தம்பி, உன்னைக் கூப்பிடுகிற ரெக்ரூட்டர் ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் பேசுகிறவர், உன் மேல் அவருக்குக் கோபமும் இல்லை பாசமும் இல்லை. உன் நம்பர் அவர் திரையில் ஒரு வரி. அவர் கேட்கப் போவது எப்போது சேருவாய், எவ்வளவு எதிர்பார்க்கிறாய், ஷிஃப்ட் பரவாயில்லையா, அவ்வளவுதான். 'உடனே சேருவேன்' என்று சொல்ல முடிவது இப்போது உன் கையில் இருக்கும் பெரிய பலம், மூன்று மாத நோட்டீஸில் மாட்டியிருப்பவனால் அதைச் சொல்ல முடியாது. நௌக்ரி என்கிற வேலை தேடும் தளத்தில் உன் ப்ரொஃபைலை வாரம் இரண்டு முறையாவது திறந்து ஏதாவது திருத்து, கொஞ்ச நாளில் ஆக்டிவாக இருந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி அவர்களிடம் இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு கன்சல்டன்சிக்கு ரெஸ்யூமே கொடுத்துவிடாதே. இரண்டு பேரிடம் இருந்தும் உன் பெயர் போனால் யாருக்குக் கட்டணம் என்ற சிக்கல் வரும், கிளையன்ட் உன்னையே தூக்கி ஓரமாக வைத்துவிடும். 'எந்த கிளையன்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று சொல்லுங்கள், அதற்குப் பிறகு அனுப்புங்கள்' என்று மரியாதையாகக் கேள், ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வை. 60 பேர் கூப்பிட்டார்கள், ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாய். அவர்களில் பலருக்கு அந்த வேலையே நின்றுபோயிருக்கும், சொல்ல அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. அது உன் தகுதிக்குக் கிடைத்த மார்க் இல்லையடா.

அம்மா, இன்னொரு வழியும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குக் கட்டணம் கிடையாது, கான்ட்ராக்டுக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களும் அங்கே மேசை போட்டிருக்கும், பையன் ஊருக்கு வந்திருக்கும்போது விருதுநகரில் நடந்தால் போய்விட்டு வரட்டும். ஆனால் அதற்காக இந்த ஆஃபரை நிறுத்தி வைக்க வேண்டாம்.

இன்று ராத்திரியே அவனுக்குப் போன் செய்யுங்கள். 45,000 கேட்டவர்களுக்கு 'விருப்பம் இல்லை' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு நம்பரை பிளாக் செய்யட்டும். கான்ட்ராக்ட் கொடுப்பவர்களுக்கு, சம்பளம் போடும் கம்பெனியின் பெயர், பிஎஃப் உண்டா, நோட்டீஸ் எத்தனை நாள், நைட் ஷிஃப்டுக்கு கம்பெனி கார் வருமா என்று நான்கு கேள்வியோடு மெயில் போகட்டும். பதில் வந்ததும் ஆஃபர் லெட்டரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஆதார், பான் எண்களை மறைத்துவிட்டு. கையெழுத்துப் போடும் முன் நானும் ஒரு முறை படித்துவிடுகிறேன்.