கையுறை யாரைக் காத்தது?

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிறு எங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டம். உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் குத்துச்சண்டையின் வரலாறு பற்றிப் பேசினார். வந்ததே பதினோரு பேர், அதில் இருவர் தூக்கம். அவரும் தாளைப் பார்த்தேதான் வாசித்தார். வெறுங்கையால் அடித்துக்கொண்ட காட்டுமிராண்டி ஆட்டம், 1867-இல் குவீன்ஸ்பெரி விதிகளும் கையுறையும் வந்தபின் நாகரிகமானது என்றார். நெல்லும் நீரும் பேச வேண்டிய டெல்டாவுக்கு இதெல்லாம் தேவையா? குத்துச்சண்டையை ஒரு விளையாட்டு என்று ஏற்கலாமா?

ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

முதலில் திட்டிவிடுகிறேன். தூங்கியவர்களை எண்ணிக்கொண்டா உட்கார்ந்திருந்தீர்கள்? ஒரு மனிதர் கைக்காசு போட்டுப் புத்தகம் வாங்கி, படித்து, குறிப்பெடுத்து, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்து பேசியிருக்கிறார். தாளைப் பார்த்து வாசித்தால் என்ன? ஆண்டைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயமே இல்லாதவர்களைத்தான் நாம் மேடை மேடையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே.

டெல்டாவுக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்வியில் நான் நிற்கப் போவதில்லை. உறையூர்த் தித்தன் மகன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் மல்லனை வீழ்த்தியதைப் புறநானூறு பாடுகிறது. அது மற்போர், இது வேறு, சரி. உங்கள் ஊருக்குப் பக்கத்து மேலவாசலில் 1931-இலேயே நூலகத்தை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நெல் பற்றிய புத்தகத்தை மட்டும் ஏற்றுங்கள் என்று யாரும் வண்டியை மறித்திருக்க மாட்டார்கள்.

நான் பதில் எழுதுவது அந்தக் கையுறை வரிக்காகத்தான். கொஞ்ச நாளாகவே அது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அடி வாங்குகிறவனைக் காப்பாற்றத்தான் கையுறை என்று நினைத்துக்கொள்கிறோம். அது முதலில் காப்பாற்றுவது அடிக்கிறவனின் கையை. மண்டையோடு கெட்டி, கை எலும்புகள் மெலிது. வெறுங்கையால் நெற்றியில் ஓங்கிக் குத்தினால் குத்தியவன் கைதான் பெரும்பாலும் உடையும். அதனால் அந்தக் காலத்து ஆட்கள் தலையில் குத்த யோசித்தார்கள்; உடம்பில் குத்தினார்கள், கட்டிப் பிடித்துத் தள்ளினார்கள். 1889-இல் மிசிசிப்பியில் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் வெறுங்கையோடு 75 சுற்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோதினார்கள். அது பழைய வெறுங்கை விதிப்படி நடந்த சண்டை; அதில் ஆள் விழுந்தால் சுற்று முடிந்தது.

கையுறை வந்து கை உடையும் பயம் போனதும் தலையில் தாராளமாகக் குத்த ஆரம்பித்தார்கள். வெறுங்கைச் சண்டையில் யாரும் சாகவில்லை என்று நான் சொல்லவில்லை, செத்திருக்கிறார்கள். ஆனால் தோல் கிழிந்தால் டிக்கெட் வாங்கியவனுக்குத் தெரியும், முகம் சுளிப்பான். உள்ளே மூளை குலுங்குவது அவன் கண்ணில் படாது. பார்க்கிறவனுக்குச் சங்கடம் குறைந்ததை நாகரிகம் என்று எழுதிவைத்துவிட்டார்கள். 1928-இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குத்துச்சண்டைக்காரர்களுக்கு வரும் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் பற்றி எழுதினார். அவர் எழுதியது கையுறை மாட்டி ஆடியவர்களைப் பற்றி. தலைக்கவசத்தின் கதையும் இதே மாதிரிதான். அது இல்லாதபோதுதான் மூளை அதிர்ச்சி குறைகிறது என்று வாதிட்டு, 2013-இல் சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் ஆண்கள் போட்டியில் அதை நீக்கியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கவசம் இல்லாமல்தான் ஆடினார்கள்.

என் பெரியப்பா பட்டாளத்தில் குத்துச்சண்டை ஆடியவர். ஓய்வு பெற்று வந்து மாயவரத்தில் சைக்கிள் கடை வைத்தார். ரிம்மில் கோட்டம் எடுக்க அவரை மிஞ்சிய ஆள் அந்தத் தெருவில் கிடையாது. கடைசி வருஷங்களில் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் கூறைநாட்டுப் பக்கம் போய் நிற்பார். அழைத்துவரப் போனால், என்னை என் அப்பா என்று நினைத்துக்கொண்டு, "அண்ணன் மேல கோவமாடா?" என்பார். அப்போதும் சக்கரத்தைக் கையில் கொடுத்தால் கோட்டம் சரியாக எடுப்பார். "கை நல்லாத்தான் இருக்கு, ஆளத்தான் காணோம்" என்பார் பெரியம்மா. டாக்டர், வயசாகிவிட்டது என்றார். இருக்கலாம். ஆனால் ஒரு விரல்கூடக் கோணாத அந்தக் கைகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

விளையாட்டா இல்லையா என்று பெரியப்பாவிடம் கேட்டிருந்தால் உங்களுக்கு ஓர் அறை கிடைத்திருக்கும். அந்த ஆட்டம்தான் தன்னை ஆளாக்கியது என்று நினைவு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். தலையில் குத்தினால் புள்ளி என்று இருக்கும்வரை நான் போய்ப் பார்க்கவும் மாட்டேன்.

அடுத்த வாசகர் வட்டத்தில் இந்தக் கையுறை விஷயத்தை அந்த எழுத்தாளரிடமே எழுந்து நின்று கேளுங்கள். நிறையப் படித்தவராகத் தெரிகிறது, என்னை மறுக்க அவரிடம் ஏதாவது இருக்கும். அப்படி இருந்தால் அதை எனக்கு எழுதுங்கள்.