கவுன்சலிங் சென்டரில் இன்டர்ன்ஷிப்: எதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நான் கோவைக்காரி. அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் கவுன்சலிங் சைக்காலஜி பிஎச்.டி. படிக்கிறேன், ஐந்தாம் ஆண்டு. பட்டம் வாங்கும் முன் ஒரு வருடம் முழுநேரமாகச் செய்யும் பயிற்சியான இன்டர்ன்ஷிப்புக்கு நவம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக கவுன்சலிங் சென்டர்களுக்குப் போடலாம் என்றிருக்கிறேன். "அங்கே பரீட்சை பயமும் காதல் தோல்வியும்தான் வரும், மருத்துவமனைக்குப் போ" என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். உண்மையில் பயிற்சி எப்படி இருக்கும்? நல்ல இடம் என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: பரீட்சை பயம் வரும், காதல் தோல்வியும் வரும். அதே நாளில், மூன்று இரவாகத் தூங்காமல், யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்று சொல்லும் பத்தொன்பது வயதுப் பையனும் வருவான். ஸ்கிசோஃப்ரீனியா, பைபோலார் போன்றவை பலருக்கு முதன்முதலில் தலைகாட்டுவது கல்லூரி வயதில்தான். அந்தப் பையனை முதலில் பார்க்கும் ஆள் நீங்களாகவே இருக்கலாம். அதனால் 'லேசான கேஸ்' என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் உளவியல் சோதனைகளில், குறிப்பாக மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் நியூரோசைக்காலஜியில், உங்களுக்கு ஆர்வம் இருந்தால் மருத்துவமனைதான் சரி. கவுன்சலிங் சென்டர்களில் அந்த வேலை குறைவு. ஒரே மாணவரோடு நீண்ட காலம் வேலை செய்யும் வாய்ப்பும் பல இடங்களில் குறைவு, செஷன்களுக்கு வரம்பு வைத்திருப்பார்கள்.

வருடம் பெரும்பாலும் ஆகஸ்ட்டில் தொடங்கி அடுத்த ஜூலையில் முடியும், 2000 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. தனிநபர் செஷன்கள், ஒரு குழு சிகிச்சை, நேரில் வந்து நிற்பவர்களைப் பார்க்கும் ஷிஃப்ட், விடுதிகளிலும் வகுப்புகளிலும் பேசுவது என்று வாரம் நிறைந்துவிடும். அக்டோபர் பாதியிலிருந்து செமஸ்டர் முடியும்வரை மூச்சுவிட நேரம் இருக்காது. பல இடங்களில் ஒரு பிராக்டிகம் மாணவரை, அதாவது இன்டர்ன்ஷிப்புக்கு முந்தைய கட்டப் பயிற்சியில் இருப்பவரை, நீங்களே சூப்பர்வைஸ் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று பார்க்க உங்களுக்கு மேலே இன்னொருவர் இருப்பார்.

ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) அங்கீகாரம் பெற்ற எந்த இடத்திலும் வாரத்துக்கு 4 மணி நேரமாவது சூப்பர்விஷன் கிடைக்க வேண்டும். அதில் 2 மணி நேரமாவது லைசென்ஸ் பெற்ற உளவியலாளரோடு தனியாக. காகிதத்தில் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த நாலு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் நல்ல இடமும் சுமாரான இடமும் பிரிகின்றன. என்னைக் கேட்டால், பல்கலைக்கழகத்தின் பேரைவிட இதற்குத்தான் முதல் இடம்.

ஒரு நல்ல சூப்பர்விஷன் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இன்டர்ன் தன் செஷனின் வீடியோவை ஓட்டுகிறார். "அப்பா இறந்ததை யாரிடமும் சொல்லவில்லை" என்கிறாள் மாணவி. சில நொடி மௌனம். உடனே இன்டர்ன், துக்கத்துக்கான ஒரு குழுவைப் பற்றி விளக்க ஆரம்பிக்கிறார். சூப்பர்வைசர் அங்கே வீடியோவை நிறுத்தி, "இந்த இடத்தில் உங்களுக்குள் என்ன ஓடியது?" என்று மட்டும் கேட்கிறார். மாணவியின் மௌனம் தனக்குத் தாங்கவில்லை என்பது இன்டர்னுக்கு அப்போதுதான் பிடிபடுகிறது. அப்புறம் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், குழு என்ற பேச்சு வந்ததுமே மாணவி நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டது தெரிகிறது. வாயால் சொல்லும் கேஸ் விவரத்தில் இது எதுவும் வந்திருக்காது.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியருக்கு முன்னால் நன்றாகச் செய்ததைத்தான் காட்டுவோம், திணறியதை மறைப்போம். நன்றாகப் போன செஷனையே தேர்ந்தெடுத்து எடுத்துக்கொண்டு போகும் இன்டர்ன் வருடம் முழுக்கப் பாராட்டு வாங்கலாம், கற்றுக்கொள்வது கொஞ்சமாகத்தான் இருக்கும். எங்கே கை நழுவியதோ அந்த ஐந்து நிமிடத்தைக் கொண்டுபோங்கள்.

அதனால் நேர்காணலில், "என் ரெக்கார்டிங்கை யார், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி நெருக்கடி ஷிஃப்ட் பற்றி: நான் பார்க்கும் மாணவர் தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொன்னால் யாரைக் கூப்பிடுவது, அவர் அப்போது அதே கட்டடத்தில் இருப்பாரா? நெருக்கடியில் எடுக்கும் முடிவு எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு வழக்கு: 1969-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், இந்தியாவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகப் பல்கலைக்கழக மருத்துவமனையின் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலருக்குத் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணை யாரும் எச்சரிக்கவில்லை, அவர் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது அந்த வழக்கில்தான். இப்படிப்பட்ட முடிவை இன்டர்னின் தலையில் தனியாகக் கட்டும் இடம் உங்களுக்கு வேண்டாம்.

அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு இடமும் ஓர் அட்டவணையைத் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். உதவித்தொகை, விடுப்பு, மருத்துவக் காப்பீடு, முந்தைய இன்டர்ன்கள் அடுத்து எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். விண்ணப்பம் எழுதும் முன் பார்த்துவிடுங்கள். ஆப்பிக் மேட்ச் என்பது, நீங்களும் இடங்களும் தரும் விருப்ப வரிசைகளை வைத்து ஆளையும் இடத்தையும் பொருத்தும் முறை. அதில் உங்கள் வரிசையை உண்மையான விருப்பப்படியே போடுங்கள். 'எனக்கு அங்கே கிடைக்காது' என்று பிடித்த இடத்தைக் கீழே தள்ளினால் உங்களுக்குத்தான் நட்டம். மேட்ச் ஆனால் இருதரப்பையும் அது கட்டுப்படுத்தும், அதனால் போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

கடைசியாக விசா. முன்னாள் ராணுவத்தினருக்கான வி.ஏ. மருத்துவமனைகள் அமெரிக்கக் குடியுரிமை கேட்கும், அவற்றுக்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்காதீர்கள். கவுன்சலிங் சென்டர்களிலும் சர்வதேச மாணவர்களை எடுப்பார்களா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். படிப்பின் பகுதியாக வேலை செய்யத் தரும் அனுமதியான சி.பி.டி.யில் முழுநேரமாக 12 மாதம் நிறைந்துவிட்டால், அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி., அதாவது படித்த துறையில் வேலை செய்ய எஃப்-1 மாணவர்களுக்குக் கிடைக்கும் அனுமதி, போய்விடும். லைசென்ஸுக்குப் பல மாநிலங்கள் பட்டத்துக்குப் பிந்தைய மேற்பார்வை நேரமும் கேட்பதால், அந்த ஓ.பி.டி. உங்களுக்குத் தேவைப்படும். முன்பு பிராக்டிகத்துக்கு முழுநேர சி.பி.டி. எடுத்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். மேட்ச் முடிந்து தேதி தெரிந்ததும், எதிலும் கையெழுத்துப் போடும் முன் உங்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து நாட்களை எண்ணிவிடுங்கள்.