தோற்று முடிப்பதற்கு ஓர் ஆட்டம்

அன்புள்ள ஐயா,

டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் குடும்பத்தோடு இருக்கிறேன். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவன் என்பதால் இதைக் கேட்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனின் சாவிக்கொத்தில் கொஞ்சம் மண் அடைத்த சின்ன உருண்டை ஒன்று தொங்குகிறது. என்னவென்று கேட்டேன். பள்ளி பேஸ்பாலின் தேசியப் போட்டி நடக்கும் கோஷியென் மைதானத்து மண்ணாம். 2020-ல் பள்ளியில் கடைசி வருடம் படித்த பேஸ்பால் மாணவர்களுக்கெல்லாம் கொடுத்தார்களாம். "எங்கள் அணி சுமாரான அணிதான். கோஷியெனுக்குப் போயிருக்கவே மாட்டோம். ஆனால் போக முயற்சி செய்யக்கூட முடியாத வருடம் எங்களுடையது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டான்.

எனக்கு இது புரியவில்லை. ஊரெல்லாம் நோய் பரவிய நேரத்தில் பள்ளி விளையாட்டை நிறுத்தியது சரிதானே? உயிரைவிட ஒரு போட்டி பெரிதா? இத்தனை வருடம் கழித்தும் இதை ஏன் இவர்கள் சுமக்கிறார்கள்? என் மகள் அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள், வாலிபால் ஆடுகிறாள். இப்படி ஒரு வருடம் மறுபடி வந்தால் அவளுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்களோடு ஒத்துப்போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 மே 20 அன்று ஜப்பானின் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் சம்மேளனம் அந்த வருடக் கோடைப் போட்டியை ரத்து செய்தது சரிதான். மார்ச் தொடக்கத்திலிருந்தே பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஏப்ரல் 16-ல் நெருக்கடி நிலை நாடு முழுவதற்கும் வந்தது. இரண்டு மூன்று மாதம் பந்தையே தொடாத பையன்களை ஜூலை வெயிலில் இறக்கினால் தோளும் முழங்கையும் போகும். 49 அணிகளை நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கூட்டிவந்து இரண்டு வாரத்துக்கு மேல் விடுதிகளில் தங்கவைக்க வேண்டும். எந்தப் பொறுப்பான அமைப்பும் அன்றைக்கு அதற்கு ஒப்புக்கொண்டிருக்க முடியாது. மறுநாளே ஒசாகா, கியோட்டோ, ஹியோகோ பகுதிகளில் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. அவசரப்பட்டுவிட்டார்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகத் தோன்றவில்லை. அறிவிப்பு தள்ளிப் போயிருந்தால் பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் "உயிரா, போட்டியா" என்று கேட்டால் பதில் ஒன்றுதான், அதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். அந்தப் பையன் கேட்பது அதை இல்லை. போட்டி கிடையாது என்று முடிவெடுத்த பிறகு, அதற்காகத் தயாரான பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறான்.

இதற்கு அங்கே வருடம் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி மூன்று வருடம். மூன்றாம் வருடக் கோடைப் போட்டிதான் பேஸ்பால் மாணவனுக்குக் கடைசி. அதில் தோற்ற அன்றோடு அவன் அணியிலிருந்து விலகிக்கொள்வான்; அப்புறம் படிப்பு, வேலை. முழுக்க நாக்-அவுட் போட்டி. 2019-ல் 3,700-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மாகாண அளவில் தொடங்கி ஆடின. டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் இரண்டு இரண்டு, மற்ற மாகாணங்களுக்கு ஒவ்வொன்று என்று 49 அணிகள் கோஷியெனுக்கு வரும். முதல் ஆட்டத்தோடு பாதி அணிகள் வீட்டுக்குப் போய்விடும். கடைசிவரை தோற்காமல் முடிப்பது ஒரே ஓர் அணி. அதாவது அந்தக் கோடை ஏறக்குறைய எல்லாருக்கும் தோல்வியில்தான் முடியும். தோற்றதும் வரிசையாக நின்று வணங்கி, கோஷியென் வரை வந்தவர்கள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளுவார்கள். மூன்று வருட உழைப்பு முடிந்தது என்று ஒருவனுக்குத் தெரிவது அந்தத் தோல்வியில்தான்.

2020-ல் அந்தத் தோல்வி கிடைக்கவில்லை. உங்கள் அலுவலகப் பையன் சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவனுக்குக் கோப்பை கிடைக்காததில் வருத்தமே இல்லை.

கோடைப் போட்டி தொடங்கியது 1915-ல். 1918-ல் அரிசிக் கலவரத்தால் ரத்தானது, 1941-ல் போரால் ரத்தானது. அதற்குப் பிறகு ரத்து என்ற வார்த்தை வந்தது 2020-ல்தான். கோஷியெனில் வசந்தகாலத்திலும் ஒரு போட்டி உண்டு. அந்த வருடம் அது அதற்கு முன்பே, மார்ச் 11-ல், ரத்தாகியிருந்தது. அதில் ஆடத் தேர்வான 32 பள்ளிகளின் பெயர்கள் ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டு, பிள்ளைகள் கொண்டாடியும் முடித்திருந்தார்கள்.

சம்மேளனத்தின் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். ரத்து என்று அறிவித்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. ஜூன் 10-ல் ஒரு திட்டம் வந்தது: வசந்தகாலப் போட்டியை இழந்த 32 பள்ளிகளையும் ஆகஸ்டில் கோஷியெனுக்கு அழைப்பது, ஆளுக்கு ஓர் ஆட்டம். ஜெயித்தாலும் ஒன்று, தோற்றாலும் ஒன்று. 16 ஆட்டங்கள், கோப்பை இல்லை, பொதுப் பார்வையாளர்கள் இல்லை. மற்ற ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்காக மாகாணச் சங்கங்கள் தனித்தனியே போட்டி நடத்தின. அதற்குச் சம்மேளனம் பண உதவியும் செய்தது. பல இடங்களில் வீரர் பட்டியலை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். மூன்று வருடமாகப் பெஞ்சிலும் கேலரியிலும் இருந்த பையன்களும் ஒரு தடவை மட்டையோடு உள்ளே இறங்கட்டும் என்பதற்காக. இந்த ஒரு விதி மாற்றத்துக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒன்றுமே ஆகியிருக்காது. ஆனால் அதை யோசிக்க, பிள்ளைகளைத் தெரிந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மண் உருண்டையும் இப்படி வந்ததுதான். ஹன்ஷின் டைகர்ஸ் என்ற தொழில்முறை பேஸ்பால் அணியும் கோஷியென் மைதானமும் சேர்ந்து மூன்றாம் வருட மாணவர்கள் சுமார் 50,000 பேருக்கு அதைக் கொடுத்தார்கள்.

பேஸ்பாலுக்குத்தான் இவ்வளவும் கிடைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. மற்ற விளையாட்டுகள் வேறொரு சம்மேளனத்தின் கீழ் வருகின்றன. அவர்களுடைய கோடைக்கால இன்டர்ஹை, அதாவது உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி, 1963-ல் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, ஏப்ரல் 26-லேயே ரத்தானது. நீச்சல், தடகளம், ஜூடோ, கைப்பந்து ஆடிய பிள்ளைகளுக்காக நாடே உட்கார்ந்து அழவில்லை. எனக்கு மனது கேட்காத இடம் இது.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் பன்னிரண்டாவது படித்த வருடம் எங்கள் பக்கம் பெருமழை. பள்ளி வாரக்கணக்கில் மூடியிருந்தது. திறந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். கோ-கோவில் குறுவட்டப் போட்டியைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குத் தேர்வாகியிருந்தோம். பனியனில் எண் போட்டு வாங்கி வைத்தாயிற்று. போட்டி நடக்காது என்று எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. நடக்கும் என்றும் சொல்லவில்லை. பிப்ரவரி வரை காலையில் ஓடிக்கொண்டிருந்தோம். பொதுத் தேர்வு அட்டவணை வந்தபோதுதான், சரி, அவ்வளவுதான் என்று நாங்களாகவே புரிந்துகொண்டோம். அந்த எண் போட்ட பனியனை நான் ஒருநாளும் போடவில்லை. மழையின் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. யாராவது ஒருவர் மைதானத்துக்கு வந்து எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். பக்கத்துப் பள்ளியோடு ஓர் ஆட்டம் வைத்திருக்கலாம்.

அதனால் கோஷியெனின் அந்த "ஆளுக்கு ஓர் ஆட்டம்" என்பதைப் படித்தபோது, எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

2020-ஐவிடக் கடினமான கேள்விகள் அடுத்த வருடம்தான் வந்தன. ரத்து என்றால் எல்லாருக்கும் ரத்து. போட்டி நடக்கிறது, ஓர் அணியில் மட்டும் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால்? உங்கள் மகள் வாலிபால் ஆடுகிறாள் என்கிறீர்கள். 2021 ஜனவரியில் டோக்கியோவில் நடந்த தேசிய வாலிபால் போட்டியில், முந்தைய வருடம் ஆண்கள் பிரிவில் பட்டம் வென்ற கியோட்டோவின் ஹிகாஷியாமா பள்ளி, ஒரு வீரனுக்குக் காய்ச்சல் வந்ததால் பாதியிலேயே விலக வேண்டியதாயிற்று. விதி அப்படி இருந்தது. அந்த ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். உடம்பு சுட்டது அவன் செய்த தப்பா?

அதே வருடம் ஜூலையில் தொத்தோரி மாகாணத்தில் நடந்ததை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். யொனாகோ ஷோயின் என்ற பள்ளி. பேஸ்பால் அணிக்குச் சம்பந்தமில்லாத பள்ளிக்காரர் ஒருவருக்குத் தொற்று. அணியில் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் விதிப்படி அந்தப் பள்ளி முதல் ஆட்டத்திலிருந்தே விலக நேர்ந்தது, எதிரணி ஆடாமலே ஜெயித்ததாக அறிவித்தார்கள். அணியின் கேப்டன், பள்ளி மாணவன், ட்விட்டரில் எழுதினான்: எப்படியாவது எங்களை ஆடவிட முடியாதா என்று. அது நாடு முழுக்கப் பரவியது. மாகாணச் சங்கம் முடிவை மாற்றியது. ஆடாமல் ஜெயித்த சாகாய் பள்ளியும் சம்மதித்தது. அந்தச் சம்மதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன், கையிலிருந்த வெற்றியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜூலை 21-ல் ஆட்டம் நடந்தது. யொனாகோ ஷோயின் கடைசி இன்னிங்ஸில் ஜெயித்தது.

பதினேழு பதினெட்டு வயதுப் பையன் ஊரறிய மன்றாடிய பிறகுதான் பெரியவர்களுக்குத் தங்கள் விதி கண்ணில் பட்டது. விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பள்ளியில் ஒருவருக்குத் தொற்று என்றால் அணியும் போகக் கூடாது என்று எழுதுவது பாதுகாப்பாகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த வரி யார் தலையில் விழும் என்று எழுதும்போதே பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் கோஷியெனிலேயே இரண்டு பள்ளிகள் விலகின. மியாசாகி வணிகப் பள்ளியில் பல வீரர்களுக்குத் தொற்று. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். மியாகி மாகாணத்தின் தோஹோகு காக்குயின் பள்ளிக்கு அது முதல் கோடை கோஷியென். முதல் ஆட்டத்தில் ஜெயித்தும் இருந்தார்கள். அப்புறம் ஒரே ஒரு வீரனுக்குத் தொற்று. நடத்துகிறவர்கள், நீங்கள் தொடர்ந்து ஆடலாம் என்றே சொன்னார்கள். பள்ளிதான் விலகியது. ஆட்களை மாற்றி இறங்கினால் யாருக்குத் தொற்று என்பது ஊருக்கே தெரிந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒரு பையனின் பெயர் வெளியே வராமலிருக்க ஓர் அணியே திரும்பிப் போனது. அந்தப் பள்ளியை நான் வணங்குகிறேன். ஆனால் அப்படிப்பட்ட ஒரு தேர்வை அவர்கள் முன்னால் வைத்த சூழலை, நோயுற்றவனைத் தேடிப்பிடித்துத் திட்டும் ஊரை, என்னால் மன்னிக்க முடியவில்லை.

2022-ல் விதிகள் திருந்தின. தொற்று வந்தவர்களுக்குப் பதில் வேறு வீரர்களைச் சேர்க்கலாம். தொற்றுள்ள அணிகளின் முதல் ஆட்டத்தைக் கடைசி நாட்களுக்குத் தள்ளலாம். அந்தக் கோடையில் பல அணிகளில் நோய் இருந்தும், கோஷியெனுக்கு வந்த எந்த அணியும் ஆடாமல் திரும்பவில்லை. பட்டம் வென்றது சென்டாய் இகுயெய், வடகிழக்கு ஜப்பானுக்கு அதுவே முதல் கோடைப் பட்டம். வென்றதும் அவர்களுடைய பயிற்சியாளர் தங்கள் அணியைப் பற்றி மட்டும் பேசவில்லை. இளமை என்பதே நெருங்கி இருப்பதுதான், அதையெல்லாம் கூடாது கூடாது என்று சொல்லியே இந்தப் பிள்ளைகளை வளர்த்தோம், நாட்டிலுள்ள எல்லாப் பள்ளி மாணவர்களுக்கும் கை தட்டுங்கள் என்ற பொருளில் பேசினார். அந்த மூன்றாம் வருட மாணவர்கள் 2020 ஏப்ரலில் பள்ளிக்குள் நுழைந்தவர்கள். மூன்று வருடமும் அப்படியே போனது அவர்களுக்கு.

உங்கள் மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இப்படி ஒரு வருடம் வந்தால் போட்டி நிற்கலாம் என்பதை அவள் தாங்கிக்கொள்வாள், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் திடமானவர்கள். நீங்கள் பேச வேண்டியது பள்ளியோடு. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, ரத்து என்றால் யார் எப்போது இவர்களிடம் நேரில் சொல்வீர்கள், மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டமாவது எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவள் பெயரை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்றும் கேளுங்கள். நோய் வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பையன். 2023 நவம்பரில், 2020-ல் கோடையை இழந்தவர்கள் அணி அணியாகக் கோஷியெனில் மறுபடி கூடினார்கள். முன்னின்று நடத்தியது அதே வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன். அதற்கு உங்கள் நண்பன் போனானா என்று கேட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால், 2020 ஜூலையில் அவன் மாகாணத்தில் நடந்த போட்டியைப் பற்றிக் கேளுங்கள். எந்த இடத்தில் நின்று ஆடினான், யாரிடம் தோற்றான், அன்றைக்குக் கேலரியில் அவன் அம்மாவை உள்ளே விட்டார்களா என்று கேளுங்கள். இந்த முறை அவன் பேச்சை மாற்ற மாட்டான் என்று நினைக்கிறேன். சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.