கிராஃபிக்ஸ் கார்டு: பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விளையாட்டுகள் உண்டு, பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளும் பழகுகிறேன், அடுத்த ஆண்டு மெஷின் லேர்னிங் பாடம் வருகிறது. ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி), ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி) இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. 3060-இல் கோர்களும் மெமரியும் அதிகம். ஆனால் 4060தான் வேகம் என்கிறார்கள். எதை வாங்கலாம்?
— கோவை வாசகர்

பதில்: கோர் என்பது சிப்பில் கணக்குப் போடும் சிறு அலகு. அதன் எண்ணிக்கையை முதலில் ஒதுக்கி வையுங்கள். 3060-க்கு 3584, 4060-க்கு 3072 என்பது உண்மைதான். ஆனால் ஒரே தலைமுறைக் கார்டுகளுக்குள்தான் அந்த ஒப்பீடு செல்லும். 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070-க்கு 5888 கோர்கள், அதற்கு முந்தைய தலைமுறையின் 2080 டிஐ-க்கு 4352. கணக்குப்படி 3070 மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முந்தியிருக்க வேண்டும். விளையாட்டுகளில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே ஓடின. காரணம், முன்பு முழு எண் கணக்குக்கு மட்டும் ஒதுக்கியிருந்த பாதையில் தசம எண் கணக்கையும் செய்யும்படி ஆர்டிஎக்ஸ் வரிசையின் நிறுவனமான என்விடியா மாற்றியமைத்தது. அதனால் கோர்களின் கணக்கு இரட்டித்தது. ஆனால் விளையாட்டுகளில் முழு எண் வேலையும் கணிசமாக உண்டு. அந்த நேரத்தில் அதே பாதை பழைய வேலைக்கே போய்விடுகிறது.

3060, 4060 விஷயத்தில் கடிகார வேகம், அதாவது சிப்பு நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது, ஆட்டத்தை மாற்றுகிறது. 3060-இன் உச்ச வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2460. கோர் குறைந்தாலும் மொத்தக் கணக்கு வேகம் 4060-க்கே அதிகம்.

அடுத்து மெமரி. 3060-இன் மெமரிப் பாதை 192 பிட் அகலம், ஒவ்வொரு பிட்டும் நொடிக்கு 15 ஜிகாபிட் கடத்துகிறது. பெருக்கி எட்டால் வகுத்தால் நொடிக்கு 360 ஜிபி. 4060-க்கு 128 பிட், 17 ஜிகாபிட். வகுத்தால் 272 ஜிபிதான். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரியான கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருக்கியிருக்கிறார்கள். சமையல் மேடையில் அஞ்சறைப் பெட்டி இருந்தால் கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு முறையும் சாமான் அறைக்கு ஓட வேண்டாம் அல்லவா, அதே ஏற்பாடுதான். 1080பி திரையில் இது நன்றாக வேலை செய்கிறது. திரையின் நுணுக்கம் கூடக் கூட, தேவையான தகவல் கேஷில் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது.

ஆகவே, 1080பி மானிட்டரில் விளையாட மட்டும் என்றால் 4060-ஐ வாங்கச் சொல்லியிருப்பேன். பெரும்பாலான விளையாட்டுகளில் அது முந்துகிறது, மின்சாரமும் 170 வாட்டுக்குப் பதில் 115 வாட்தான். உங்களுக்கு நான் சொல்வது 12 ஜிபி 3060. வேகம் குறைந்தால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். மெமரி போதாவிட்டால் மெஷின் லேர்னிங் மாடலைப் பயிற்றுவிக்கும் வேலை பாதியில் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். பிளெண்டரிலும் காட்சி மெமரிக்குள் அடங்கும் வரைதான் 4060-இன் வேகம் பயன்படும். ஒன்றைக் கவனியுங்கள்: 3060-இலேயே 8 ஜிபி வகை ஒன்று உண்டு. பெட்டியில் 12 ஜிபி என்று இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 3050 கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 6 ஜிபி. நண்பரிடம் இருப்பது 8 ஜிபி. வித்தியாசம் 2 ஜிபி மெமரி மட்டும்தானே?
— மதுரை வாசகர்

பதில்: இல்லை. 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள், 128 பிட் பாதை, நொடிக்கு 224 ஜிபி. உங்களுடையதில் 2304 கோர்கள், 96 பிட், 168 ஜிபி. சரியாகச் சொன்னால் அது வேறொரு கார்டு. அதற்கு அதே பெயரைச் சூட்டி விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே கருதுகிறேன். இது புதிய வழக்கமும் அல்ல. ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபி வகையில் மெமரியோடு கோர்களையும் 1280-லிருந்து 1152 ஆகக் குறைத்தார்கள். ஜிடி 1030 இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 மெமரி கொண்டது நொடிக்கு 48 ஜிபி கடத்தும், டிடிஆர்4 கொண்டது 17 ஜிபியைக்கூடத் தொடாது. பெயர் ஒன்றேதான்.

உங்கள் கார்டுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. அதற்கு 70 வாட் போதும், பெரும்பாலான மாடல்களில் தனி மின் இணைப்பே தேவையில்லை. பழைய அலுவலகக் கணினிக்கு அது பொருத்தம். ஆனால் 8 ஜிபி என்று சொல்லி இதைக் கொடுத்திருந்தால் விடாதீர்கள். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், கடையில் எழுத்து மூலம் மாற்றித் தரக் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். இனி வாங்கும் எல்லோருக்கும்: மெமரி அளவும் வரிசை எண்ணும் பில்லில் இடம்பெற வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5070 வாங்கினால் 4090-இன் வேகம் கிடைக்கும் என்று நிறுவனமே சொன்னதாமே?
— திருச்சி வாசகர்

பதில்: 2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் அப்படித்தான் அறிவித்தார், விலை 549 டாலர் என்று. அந்தக் கணக்கில் மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் அடக்கம். ஃபிரேம் என்பது திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் படங்களில் ஒன்று. கார்டு உண்மையாக வரையும் ஒரு ஃபிரேமுக்குப் பின்னால் மூன்று ஃபிரேம்கள் வரை செயற்கை நுண்ணறிவு ஊகித்துச் சேர்க்கிறது. திரையில் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் மவுஸை அசைத்ததும் விளையாட்டு காட்டும் எதிர்வினை, உண்மையான ஃபிரேம்களின் வேகத்தையே சார்ந்தது. 5070-க்கு 6144 கோர்கள், 12 ஜிபி. 4090-க்கு 16384 கோர்கள், 24 ஜிபி. ஊகித்த ஃபிரேம்கள் இல்லாமல் ஓட்டினால் 4090 வெகு தூரம் முன்னே போய்விடும்.

எந்த ஒப்பீட்டு வரைபடத்தைப் பார்த்தாலும் ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டு பக்கமும் அணைக்கப்பட்டதா என்று முதலில் தேடுங்கள். அடுத்து, சராசரியோடு நிற்காமல் மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் எண்ணையும் பாருங்கள். சராசரி நொடிக்கு 70 ஃபிரேம், அந்த எண் 25 என்றால் படம் அடிக்கடி திக்கும். இரண்டும் 55, 45 என்று இருக்கும் கார்டில் விளையாடுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: என் மதர்போர்டு பிசிஐஇ 3.0. குறைந்த விலையில் ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிடைக்கிறது. வாங்கலாமா?
— சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். பிசிஐஇ என்பது கார்டும் மதர்போர்டும் தகவல் பரிமாறும் பாதை. இந்த ஏஎம்டி கார்டு அதில் நான்கு தடங்களில் மட்டுமே மதர்போர்டோடு பேசும். 4.0-இல் சமாளித்துவிடும். 3.0-இல் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும், 4 ஜிபி மெமரி நிரம்பியதும் திணறும். வீடியோவை என்கோடு செய்யும் (பதிவுசெய்யச் சுருக்கும்) வசதியும் அதில் இல்லை. இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஆர்எக்ஸ் 6600 வாங்குங்கள். அதற்கு எட்டுத் தடங்கள், 8 ஜிபி மெமரி, 132 வாட். பவர் சப்ளையில் எட்டு முனை இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் கணினியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.